விபூதிக்கு நீட்டிய இடது கை

ஐப்பசி 5, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். சஷ்டி விரதம் முதல் நாள்.

மாடி ரூமுக்கு ஆள் வந்தபோது இருந்தவர்கள்: நான். இவர் (பி ஷிப்ட், மத்தியானம்தான் போக வேண்டும்). யாழினி (ஸ்கூலுக்கு மழை லீவு). டீக்கடை ஏழுமலை அண்ணன். பக்கத்து வீட்டு கோமதி, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தபடி. புதிதாக வந்தவன். மொத்தம் ஆறு பேர்.

பெயர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஊர். வயது இருபத்து நாலு என்றான். ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் பேக்கிங் வேலை, கான்ட்ராக்ட் ஆள், நைட் ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவான். கொண்டு வந்தது ஒரு பை, ஒரு பக்கெட், ஒரு பாய். ஏழுமலை அண்ணன்தான் கூட்டிவந்தார். கான்ட்ராக்ட்காரருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் அவரே, அந்த ஆளுக்கு ரூம் பார்த்துக் கொடுப்பதும் அவரே.

எப்போதும் போல சாவி கொடுக்கும் முன்னால் சாமி அலமாரி முன் வந்து நிற்கச் சொன்னேன். மாடி ரூம் கட்டினதிலிருந்து யார் குடி வந்தாலும் வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதி ஒரு சிட்டிகை, அதற்கு அப்புறம்தான் சாவி. எந்தச் சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி. முன்னே இருந்த ஜோசப் தம்பிகூட மரியாதையாக இரண்டு கையும் சேர்த்து நீட்டி வாங்கி, பேப்பரில் மடித்து வைத்துக்கொண்டார்.

இவன் இடது கையை நீட்டினான்.

வலது கை பேன்ட் பாக்கெட்டில். எடுக்கவே இல்லை. ஞாபகம் வந்து கையை மாற்றுவான் என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தரையைப் பார்த்தபடி நின்றான், நீட்டின கை நீட்டினபடி. தட்டை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டேன். சாவியைக் கையில் கொடுக்கவில்லை, படி மேல் வைத்தேன். அதையும் இடது கையால் எடுத்தான். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினான்.

சில பேருக்கு இடது கைதான் பழக்கம், விடு தனம் என்கிறார் இவர். எழுதுகிற கை எதுவாகவும் இருக்கட்டும். சாமிக்கு நீட்டுகிற கை எது என்று யாழினிக்கு மூன்று வயசிலேயே தெரியும்.

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். இவன் சரியில்லை.

வாங்க வேண்டியது: தேன், பேரீச்சம்பழம், திரி, யாழினிக்கு ரெயின்கோட் பட்டன்.

ஐப்பசி 6, வியாழன்

விரதம் 2. பால், இரண்டு வாழைப்பழம். தலை லேசாகக் கிறுகிறுப்பு. மழை விட்டுவிட்டு.

காலை 7.10க்கு வந்தான். கேட்டைக் காலால் தள்ளித் திறந்தான். கையை உபயோகிக்கவில்லை. வலது கை பாக்கெட்டில்.

7.40 துணி துவைத்தான். பிழியாமல் அப்படியே சொட்டச் சொட்ட மாடிக் கம்பியில் போட்டிருக்கிறான். கோலம் போட்ட இடமெல்லாம் தண்ணி. ஒரு வார்த்தை சொல்லலாம் என்று படி வரைக்கும் போனேன். கதவைச் சாத்திக்கொண்டான்.

8.15 சாப்பாடு. கதவைச் சாத்தித்தான் சாப்பிடுகிறான். யாரும் பார்க்கக் கூடாதபடி என்ன சாப்பாடு?

மாலை 6.50 வேலைக்குக் கிளம்பினான்.

இதையெல்லாம் நேரம் போட்டு எழுதினேன். கணக்கு நோட்டின் பின்பக்கம். எழுதி வைத்தால் பயம் குறையும் என்று பார்த்தேன். பால் கணக்கும் கேஸ் தேதியும் எழுதுகிற அதே கைதான். எட்டாவதோடு நின்றவள், மீதியெல்லாம் நானாக எழுத்துக் கூட்டிப் படித்தது. ஒரு புள்ளி தவற விடமாட்டேன். தெருவில் கேஸ் எப்போது வந்தது, தண்ணி லாரி எந்த நாள் என்று சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள்.

இவர் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். போன தடவை நெற்றி நிறையப் பட்டை, கழுத்தில் உருத்திராட்சம் போட்டு ஒருத்தர் வந்தாரே, பார்த்த உடனே காலில் விழாத குறையாக ரூம் கொடுத்தாயே, அவர் போகும்போது பாத்ரூம் குழாயையே கழற்றிக்கொண்டு போனாரே, அவருக்கு எத்தனை மணி எழுதினாய் என்றார். அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசி 7, வெள்ளி

விரதம் 3. மழை இல்லை, புழுக்கம்.

முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குத் தண்ணித் தொட்டி பார்க்க மாடிக்குப் போனேன். அவன் ரூம் ஜன்னல் கம்பியில் ஒரு கிளவுஸ் காயப் போட்டிருந்தது. ஒன்றுதான். வலது கைக்குப் போடுவது. ஜோடி இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் உப்பி நிற்கிறது, உள்ளே எதையோ அடைத்து. இரண்டு விரலின் அடியிலும் சிவப்பு நூல். மூன்று சுற்று, மூன்று முடிச்சு.

தொடவில்லை. கீழே வந்து சாமி முன்னால் உட்கார்ந்தேன். பாராயணம் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், மறுபடி அதே இடத்தில் நின்றது.

விரல் செய்து, உள்ளே அடைத்து, சிவப்பு நூலில் கட்டு. சின்ன வயசில் எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலில் பொம்மை செய்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பெண் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பொம்மைக்கும் சிவப்பு நூல்தான்.

விபூதியை ஏன் வலது கையால் வாங்கவில்லை என்று இப்போது புரிகிறது. அந்தக் கையில் விபூதி படக் கூடாது. பட்டால் அவன் செய்கிறது பலிக்காது.

இவரிடம் சொன்னேன். விரதத்தில் பட்டினி கிடந்தால் இப்படித்தான் தோன்றும், ஒரு வாய் சோறு சாப்பிடு என்றார். அவருக்கு ஷிப்ட், போய்விட்டார். நான்தானே பகல் பூராவும் இந்த வீட்டில். தலைக்கு மேலே அவன்.

யாழினியை மாடிக்குப் போகாதே என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். காரணம் சொல்லவில்லை.

சமையல்: அவர்களுக்கு ரசம், அப்பளம். நான் பால்.

ஐப்பசி 8, சனி

விரதம் 4. மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பிவிட்டதாகப் பேச்சு.

மத்தியானம் யாழினியின் பாவாடை மடிப்பில் சிவப்பு நூல் துண்டு. விரல் நீளம்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அதட்டினேன். அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் சொன்னது: "மாடி அண்ணா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. என்ன சொல்லக் கூடாது, எப்போது போனாய், உன்னைத் தொட்டானா, ஏதாவது தின்னக் கொடுத்தானா. எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒன்பது வயசுப் பிள்ளை. சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன் என்கிறாள்.



இவர் போன் எடுக்கவில்லை (லைனில் இருந்தால் போன் லாக்கரில்). கோமதியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது. இதை இன்றைக்கு எழுதவில்லை, ஞாயிறு சாயங்காலம் இந்த வரியை ஓரத்தில் சேர்த்து எழுதுகிறேன்.

கோமதி மாடிக்கு வந்து கிளவுஸைப் பார்த்தாள். போனில் படம் எடுத்துக்கொண்டாள். "இன்னாக்கா இது, மந்திரிச்சி கட்டனாப்ல கீது. வந்த அன்னிக்கே நெனச்சேன், மூஞ்சே சரியில்ல" என்றாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் பார்த்தது அவன் முதுகைத்தான். எனக்கு அப்போது அது தோன்றவில்லை (இதுவும் ஞாயிறு சேர்த்ததுதான்). ஆமாம் என்றேன். எனக்கும் வந்த அன்றைக்கே தோன்றியது என்றேன். இரண்டு பேருக்கும் தோன்றியிருந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று ஒரு தைரியம் வந்தது.

அவள் தம்பி சேட்டுவிடம் சொல்கிறாளாம். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அவன்தான் எல்லாம்.

சேட்டு நல்ல பிள்ளை. என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வான்.

ஐப்பசி 9, ஞாயிறு

விரதம் 5.

முருகா, எங்கிருந்து ஆரம்பிக்க.

காலையில் கோமதி போனில் குரூப்பைக் காட்டினாள். கிளவுஸ் படம். அதற்குக் கீழே, நம்ம தெருவில் பிள்ளை பிடிக்கிறவன் குடி வந்திருக்கிறான், உஷார் என்று. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "நீ சொன்னத தான்க்கா கொஞ்சம் சுருக்கமா போட்டுகிறான்" என்றாள்.

பதினொன்றரைக்கு வாசலில் ஆள். சேட்டு, அவன் கூட்டாளிகள் இரண்டு பேர், தெருக்காரர்கள் ஏழெட்டு. இவர் ஓ.டி. போயிருந்தார். சேட்டு செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வந்தான். அக்கா, நீங்க ஒண்ணும் பேச வேணாம், அந்த நோட்ட மட்டும் எடுத்துனு வாங்க என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். இந்த நோட்டைத்தான்.

தெருவில் நின்று உரக்கப் படித்தான். 7.10 கேட்டைக் காலால். 7.40 துணி. 8.15 கதவைச் சாத்தி. தனம் அக்கா எழுதினா தப்பு இருக்காது என்று யாரோ சொன்னார்கள். நான் எழுதினதை இன்னொருத்தர் வாயால் கேட்டபோது திருடனைப் பற்றி எழுதின மாதிரியே இருந்தது. எழுதினது எல்லாம் உண்மை. ஒரு நிமிஷம்கூடக் கூட்டிக் குறைத்து எழுதவில்லை.

தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி இழுத்து வந்தார்கள். லுங்கி, பனியன். தூக்கத்தில்கூட வலது கையைத் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தான். "இன்னாடா வெச்சிகினுகிற கையில, எட்றா வெளிய" என்று சேட்டு. அவன் எடுக்கவில்லை. கன்னத்தில் ஓர் அடி. உதடு கிழிந்தது. எடுக்கவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். கூட்டத்தில் அவனுக்குத் தெரிந்த முகம் என்னுடையது ஒன்றுதான்.

"எக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றான்.

நான் சொல்லவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

துண்டை உருவினார்கள்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. மோதிர விரலில் நகம் இல்லை. தையல் போட்ட தழும்பு உள்ளங்கை வரைக்கும் ஓடியிருக்கிறது. நாங்கள் எல்லாரும் பார்க்கப் பார்க்க அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சேட்டுதான் கேட்டான், பிரஸ் மிஷின்ல போச்சா என்று. தலையை ஆட்டினான். அதை முன்னயே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா என்றான் சேட்டு. அவனுக்குக் கோபம் குறையவில்லை. அடித்துவிட்டோமே என்ற கோபம் போல. கோமதி உச்சுக் கொட்டினாள். சேட்டுவின் கூட்டாளி ஒருத்தன் கையில் போன் நிமிர்ந்தபடியே இருந்தது, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு.

மாடிப்படியில் யாழினி நின்று அழுதாள். நான்தாம்மா நூல் கட்டி விட்டேன் என்றாள். ஒரு கையால் முடிச்சுப் போட முடியவில்லையாம். கிளவுஸ் விரல் தொளதொளவென்று தொங்கினால் கம்பெனியில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பஞ்சு அடைத்து, அது நழுவாமல் இவளைக் கட்டச் சொல்லியிருக்கிறான். சிவப்பு நூல் இவள் ஸ்கூல் தையல் பெட்டியில் இருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்லாதே என்றானாம்.

மூன்று மணிக்கு இவர் வந்தார். கேட்டுவிட்டு என்னை ஒன்றும் திட்டவில்லை. டீ போடச் சொல்லி அவரே மாடிக்கு எடுத்துப் போனார். அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்து சொன்னது: இரண்டு வருஷம் முன்னால் வேறு ஊரில் தகடு அழுத்துகிற ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் போன விரல். அதற்கப்புறம் ஐந்தாறு இடத்தில் கையைப் பார்த்த உடனே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வேலை தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. இந்த ஊரில்தான் முதல் நாளிலிருந்து கையை மறைத்து வேலை வாங்கியிருக்கிறான். வீட்டில் அம்மாவுக்கே தெரியாதாம். ஊருக்குப் போகவே இல்லை, போனில் பேசுவதோடு சரி.

"விபூதி வாங்கும்போது ஓனரம்மா கையைப் பாத்திருவாவளோன்னுதான் அண்ணாச்சி இடது கைய நீட்டுனேன்" என்றானாம்.

நோட்டை எடுத்து முதல் நாளிலிருந்து படித்தேன். புதன்கிழமை ஒரு வரி எழுதியிருக்கிறேன், இவன் சரியில்லை என்று. அதற்கப்புறம் எழுதினதெல்லாம் அந்த வரிக்குச் சாட்சி தேடி எழுதினது. பிழியாத துணியைப் பார்த்தேன், பிழிய முடியாத கையை யோசிக்கவில்லை. கதவைச் சாத்திச் சாப்பிட்டது எழுதினேன், எப்படிப் பிசைந்து சாப்பிடுவான் என்று யோசிக்கவில்லை. புதன்கிழமை அவன் வலது கையை நீட்டியிருந்தால் இந்த நோட்டில் இவன் பேரே வந்திருக்காது.

மேலே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டு தடவை படி ஏறினேன். திரும்பிவிட்டேன்.

பயம் போகவில்லை. அவனைப் பார்த்து இருந்த பயம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. பேர் தெரியவில்லை அதற்கு.

ஐப்பசி 10, திங்கள்

விரதம் 6. இன்றைக்கு சூரசம்ஹாரம். வல்லக்கோட்டை போகவில்லை. கல்யாணம் ஆன பிறகு முதல் தடவை.

ஒன்பது மணிக்கு ஏழுமலை அண்ணன் குடையோடு வந்தார். வீடியோ குரூப் குரூப்பாகப் போய்க் கான்ட்ராக்ட்காரரின் சூப்பர்வைசர் போனுக்கும் போய்விட்டதாம். விரல் இல்லாத ஆளை லைனில் வைத்தால் சேஃப்டி கேள்வி வரும், இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம். எனக்கும் பேரு கெட்டுப் போச்சு, என்கிட்டயே மறைச்சிட்டான் பாரு என்று அண்ணனுக்கு வருத்தம். இதையெல்லாம் அவன் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பத்தேகாலுக்குப் பை, பாய், பக்கெட்டோடு இறங்கினான். நான் சமையல் கட்டு வாசலில். சாவியைப் படியில் வைத்தான். நான் அன்றைக்கு வைத்த அதே படி. கையை மறைக்கவில்லை இன்றைக்கு. மறைக்க இனி என்ன இருக்கிறது. யாழினி ஓடிப்போய் அண்ணா என்றாள். அவள் தலையில் கை வைத்துவிட்டு மழையில் நடந்தான். குடை கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அவன் தெருமுனை திரும்பின பிறகு.

தடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடம் போனேன், கான்ட்ராக்ட் ஆபீஸைத் தேடிக்கொண்டு. ஒரு பேக்கரி மாடியில் ஒரே ரூம். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தப்பு என் பேரில் சார், அவன் நல்லபடியாக வேலை செய்தானா இல்லையா என்று மட்டும் பாருங்கள் சார் என்று. வாசலில் செருப்பை விடும்போதே மேஜையில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நனைந்த புடவை, விரத மஞ்சள் கயிறு, கையில் துணிப்பை. நான் வாயைத் திறக்கவில்லை இன்னும்.

"ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் எடுத்தாச்சும்மா. தீபாவளி முடிஞ்சி எல்லாரும் வந்துட்டாங்க. போய்ட்டு அடுத்த மாசம் வா."

வேலை கேட்டு வரவில்லை என்று சொல்லவே மூன்று தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கேட்டார். சிரித்தார். உங்க வூட்ல இருந்தானே அவனா, உங்க தெருவே சேர்ந்து போட்ட வீடியோதானேம்மா அது என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். பேக்கரிப் பெண் தண்ணீர் கொடுத்தாள். விரதம், வேண்டாம் என்றேன். தண்ணிதானேக்கா என்றாள். குடித்தேன்.

ஒரு மணிக்கு வீடு. இவர் இன்றைக்கு லீவு போட்டிருந்தார். அவன் நம்பருக்கு இவர் போனிலிருந்து ஏழு தடவை. ஸ்விட்ச் ஆஃப்.

நாலு மணிக்கு ஏழுமலை அண்ணன் கடைப் பையன் ஓடி வந்தான், யாரோ சொன்னதாக, பை வைத்துக்கொண்டு ஓர் ஆள் ஏரிக்கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான் என்று. ஏரி நிரம்பி வழிகிறது. இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் உட்கார்ந்தேன். கரையில் யாரும் இல்லை. பிளாஸ்டிக் கவர், ஈரமான பீடிக்கட்டு. யாருடையதோ. தண்ணீரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, இவர்தான் கரையோடு கடைசி வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் இல்லை, ஊருக்குப் பஸ் ஏறியிருப்பான் என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

ஸ்டேஷனில் சொல்லலாமா என்று கேட்டேன். சொன்னால் முதலில் கேட்பது யார் அடித்தது, யார் கூப்பிட்டது என்றுதான், யோசித்துக்கொள் என்றார். நாளை மத்தியானம் வரைக்கும் பார்ப்போம் என்று வைத்திருக்கிறோம்.

கோமதி மதில் வழியாக சம்ஹாரத்துக்கு ஏன்க்கா வரல என்றாள். சேட்டு வீடியோவை அழித்துவிட்டானாம். அவன் போனில் அழித்தான். மற்றவர்கள் போனில்?

யாழினி என்னோடு பேசவில்லை. அப்பா ஊட்டினால்தான் சாப்பிட்டாள்.

ஐப்பசி 11, செவ்வாய்

மழை. காற்று. கரண்ட் வந்து வந்து போகிறது.

விரதம் முடிந்தது. சாப்பிடவில்லை. உட்கார்ந்தேன், இறங்கவில்லை.

9.25க்கு இவர் போனில் தெரியாத நம்பர். இவர் குளிக்கப் போயிருந்தார், நான் எடுத்தேன். ஒரு அம்மா. இசக்கிமுத்துவோட அம்மையாம். ஹவுஸ் ஓனர் நம்பர் என்று புதன்கிழமையே அவன் கொடுத்து வைத்திருக்கிறான். நல்ல ஆட்கள், சாமி கும்பிடுகிற வீடு என்று சொன்னானாம்.

"எம்மா, எம் புள்ள நேத்துலருந்து போன எடுக்க மாட்டுக்கான். ஊர்ல ஒருத்தன் வந்து என்னமோ வீடியோன்னு சொல்லுதான். எனக்குப் போன்ல பாக்கத் தெரியாதும்மா. அவன் கைக்கு என்ன?"

கை நல்லாத்தான் இருக்கும்மா என்றேன். வேலைக்குப் போயிருக்கார், போன் சார்ஜ் இல்லை போல என்றேன். சாமி அலமாரிக்கு எதிரே நின்றுகொண்டு சொன்னேன்.

அந்த அம்மா நம்பிவிட்டார்கள். நம்பினதுதான் தாங்கவில்லை. நீ சொன்னா சரிதாம்மா, உன் குரலைக் கேட்டாலே மனசுக்கு நிம்மதியா இருக்கு என்றார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி கூப்பிடுகிறேன், அவனைப் பேசச் சொல் என்றார்கள்.

இவர் வந்ததும் சொன்னேன். ஸ்டேஷன் போகலாம் என்று அவரே சொன்னார். ஒரு மணிக்குப் போகிறோம். யார் அடித்தது, யார் கூப்பிட்டது என்று கேட்டால் சொல்வேன். நோட்டையும் எடுத்துப் போவேன்.

அதற்கு முன்னால் அவன் நம்பருக்கு மெசேஜ். யாழினிதான் தட்டிக் கொடுத்தாள், நான் சொல்லச் சொல்ல. இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசின முதல் வார்த்தை, "மெதுவா சொல்லும்மா." அனுப்பினதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன், எனக்கு.

தம்பி, நான் தனலட்சுமி, மாடி ரூம் அக்கா. நான் செய்தது தப்பு. நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்டபோது பேசாமல் நின்றது அதைவிடத் தப்பு. ரூம் அப்படியே இருக்கிறது, வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம். உங்கள் அம்மா கூப்பிட்டார்கள். கையைப் பற்றிக் கேட்டார்கள். நல்லா இருக்கு என்று பொய் சொல்லிவிட்டேன். ஆறு மணிக்கு மறுபடி கூப்பிடுவார்கள். உண்மையைச் சொல்லட்டுமா, வேண்டாமா? அது உங்கள் கை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல இஷ்டம் இல்லை என்றால் வேண்டாம். ஆனால் ஆறு மணிக்குள் ஒரு வரி பதில் போடுங்கள்.